கடலோரக் கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடுவது: ராமநாதபுரம் மாவட்டத்துக்கான கையேடு

தேடுபெட்டியில் 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு' என்று தட்டினால் பள்ளிக் கட்டுரையும் பேச்சுப்போட்டி உரையும் வரிசையாக வந்து நிற்கும். 'மன்னார் வளைகுடா' என்று தட்டினால் சுற்றுலாப் பக்கங்கள். தொண்டிப் பக்கம் கரை எவ்வளவு அரித்திருக்கிறது, கிணற்றில் உப்பு ஏறியதை எங்கே சோதிப்பது, ஊருக்குப் பக்கத்தில் தோண்டும் இறால் பண்ணைக்குப் பதிவு உண்டா, நாளைக்கு வத்தையை (சிறு படகை) இறக்கலாமா என்ற கேள்விகளுக்கு அங்கே விடை கிடைக்காது.

விடை வேறிடத்தில் இருக்கிறது. இந்தக் கடலை நீண்ட காலமாக அளந்துகொண்டே இருக்கிறார்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தொடங்கியது. 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையகமே மண்டபம்தான். அளந்ததில் பெரும்பகுதி ஆங்கிலத்தில், பிடிஎஃப் கோப்பாக, ஊர்ப்பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதி, அலுவலகத் தளங்களின் அடியில் கிடக்கிறது. அதனால் தலைப்பைத் தேடுவதைவிட, உங்கள் கேள்விக்குரிய பொருளை அளக்கிற அலுவலகம் எது என்று கண்டுபிடித்து, அதன் தளத்துக்குள் தேடுவதுதான் பலன் தரும். இந்தக் கையேடு முழுக்க அந்த வழியில்தான் போகிறது.

முதலில், எந்தக் கடல்?

பாம்பன் பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தொண்டி, தேவிபட்டினம் வடகடல். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் தென்கடல். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவத்தில் இது தலைகீழ். 'ராமேஸ்வரம் கடல் நிலை' என்று ஒரே ஒரு எண்ணைக் காட்டும் செயலி எந்தப் பக்கத்தைச் சொல்கிறது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. ஆய்வறிக்கையானாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: மாதிரி எடுத்த இடம் பாலத்துக்கு எந்தப் பக்கம்?

ஒரு பக்கம் நம்பத் தகுந்ததா என்று பார்க்க இரண்டு சின்னச் சோதனைகள் உண்டு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 560 சதுர கிலோமீட்டர். உயிர்க்கோளக் காப்பகம் 1989-இல் வந்தது, பரப்பு 10,500 சதுர கிலோமீட்டர். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் பக்கம் வேறெங்கோ இருந்து பிரதி எடுத்தது. அடுத்து, 2022-இல் அறிவித்த கடல்பசுக் காப்பகம் (448 சதுர கிலோமீட்டர்) தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் இருக்கிறது. அதை ராமநாதபுரத்தில் கொண்டுவந்து வைக்கிற கட்டுரையை அங்கேயே மூடிவிடலாம்.

தேடும் கைப்பழக்கம்

ஆங்கிலத்தில் கீழக்கரையை இரட்டை 'ஈ' போட்டும் எழுதுவார்கள், ஒற்றை 'ஐ' போட்டும் எழுதுவார்கள். தொண்டிக்கு 'டி'யை அடுத்து 'ஹெச்' சில அறிக்கைகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஏர்வாடிக்கு 'வி', 'டபிள்யூ' இரண்டும் புழக்கத்தில் உண்டு. பழைய கோப்புகளில் மாவட்டமே 'ராம்நாட்'. மண்டபம் பற்றிய பழைய ஆய்வுகளில் 'மண்டபம் கேம்ப்'. ஒரே தேடலை இந்த வடிவங்கள் எல்லாவற்றிலும் திரும்பப் போடுங்கள். ஒன்றில் வராத அறிக்கை இன்னொன்றில் வரும்.

அடுத்தது தேடல் குறிகள். சேர்ந்தே வரவேண்டிய சொற்களை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். ஒரு தளத்துக்குள் மட்டும் தேட, ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் அந்தத் தளத்தின் முகவரியைச் சேருங்கள். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் குறி வேலை செய்யாது. பலருக்கும் இங்கேதான் தடுக்கும். 'ஃபைல்டைப்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து 'பிடிஎஃப்' என்று சேர்த்தால் அறிக்கைகள் மட்டும் வரும்.

தமிழில் தேடினால் அரசுக் கோப்புகள் வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல அரசாணைகளும் அறிவிக்கைகளும் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சாகியிருக்கும், அல்லது தாளை அப்படியே ஒளிவருடிப் படமாக ஏற்றியிருப்பார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது தேடுபொறிக்கு வெறும் குப்பை எழுத்து. இப்படிப்பட்ட கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துக் கொடுக்கும். கைப்பேசி என்றால் கூகுள் லென்ஸ் போதும். பிரித்த பின் எண்களை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். 3-ம் 8-ம், நிலத்தின் புல எண்ணில் (சர்வே எண்ணில்) வரும் உட்பிரிவும் அடிக்கடி தவறாக வரும்.

ஆய்வுக்கட்டுரைகளுக்குப் பணம் கேட்டால் உடனே கொடுக்க வேண்டாம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஈபிரிண்ட்ஸ்' களஞ்சியத்தில் அவர்களுடைய கட்டுரைகளையும் பழைய அறிக்கைகளையும் இலவசமாக இறக்கலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் உள்ளன. ஓர் ஊரின் கடற்புல் பற்றியோ நிலத்தடி நீர் பற்றியோ தனி ஆய்வேடே கிடைக்க வாய்ப்பு உண்டு. எதிர்க்கரைக் கடல் வாழ்க்கையைப் பற்றித் தமிழிலேயே படிக்க இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்துவைத்திருக்கும் 'நூலகம்' தளம் இருக்கிறது. மன்னாரும் யாழ்ப்பாணமும் இதே நீரைத்தானே பார்த்துக்கொண்டிருக்கின்றன. வீட்டுத் தோட்டம், எரு, பயிர் பற்றிய கேள்விகளுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளத்துக்குத் தமிழ்ப் பதிப்பு உண்டு. சூழல் அரசியலைத் தமிழில் தொடர விரும்புகிறவர்கள் பூவுலகின் நண்பர்கள் வெளியீடுகளிலிருந்து தொடங்கலாம்.

கடல் நிலையும் எச்சரிக்கையும்

இங்கே இரண்டு அலுவலகங்கள் முக்கியம். காற்று, மழை, புயல் எச்சரிக்கைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை. அலை, நீரோட்டம், மீன் கூடும் இடம் ஆகியவற்றுக்கு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம்). தனியார் செயலிகள் வண்ண வண்ணமாகக் காட்டுவது கணினி மாதிரியின் கணக்கு மட்டுமே. அதிகாரபூர்வ எச்சரிக்கை இந்த இரண்டு இடங்களிலிருந்துதான் வரும்.

முன்னறிவிப்பைப் படிக்கும்போது நான்கு இடங்களில் சறுக்குவார்கள்.

முதலாவது அலையின் உயரம். அறிக்கையில் வரும் 'குறிப்பிடத்தக்க அலை உயரம்' என்பது அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால் இடையில் ஒரு தனி அலை ஏறத்தாழ 3 மீட்டர் வரை எழலாம். சின்ன வத்தைக்கு இந்த வித்தியாசம்தான் உயிர்.

இரண்டாவது அலைக்காலம். உயரம் குறைவாக இருந்தாலும் காலம் 12 நொடிக்கு மேல் போனால் தூரக் கடலிலிருந்து வரும் நீண்ட அலை என்று பொருள். காற்றே இல்லாத நாளில் இது கரையில் ஏறி அடிக்கும். இன்காய்ஸ் இதற்குத் தனியாகக் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுகிறது. தென்கடல் ஊர்க்காரர்கள் அந்த எச்சரிக்கையைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

மூன்றாவது அலகு. காற்றின் வேகத்தை நாட் கணக்கில் சொல்வார்கள். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 25 நாட்டை 25 கிலோமீட்டர் என்று படித்தால் காற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு போகிறீர்கள்.

நான்காவது நேரம். சில தளங்கள் யுடிசி (உலகப் பொது) நேரம் காட்டும். ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம்.

கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையையும் அப்படியே நம்ப வேண்டாம். பாம்பன் பக்கம் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் பலத்த காற்று ஒரு நாள் அடித்தாலே அட்டவணை சொன்ன நீர்மட்டம் மாறிவிடும்.

மீன் கூடும் இடம் பற்றிய அறிவிப்பு விசைப்படகுகளின் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்) வராது. வானம் முழுக்க மேகம் மூடிய நாட்களிலும் வராது. செயற்கைக்கோள் நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் பார்த்துத்தான் அதைக் கணிக்கிறது. செயலி கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட வேண்டாம்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் நண்பன் செயலி தமிழில் இயங்குகிறது. பாம்பனிலிருந்து ஒலிக்கும் மீனவர் சமுதாய வானொலி கடல் ஓசை, 90.4 பண்பலை. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. இந்த மூன்று எண்களும் கைப்பேசியில் மட்டும் இருந்தால் போதாது, படகின் பலகையிலும் எழுதியிருக்கட்டும்.

பவளப்பாறை வெளுப்பை, அதாவது சூட்டில் பவளம் நிறம் இழப்பதைக் கவனிக்க விரும்புகிறவர்கள் அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா நடத்தும் பவளப்பாறைக் கண்காணிப்புப் பக்கத்தைத் திறந்து, இலங்கைக்கும் தமிழகக் கரைக்கும் இடைப்பட்ட பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் 'வெப்ப வாரம்' என்ற கணக்கு வரும். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட 1 டிகிரியும் அதற்கு மேலும் எவ்வளவு நாள் நீடித்தது என்பதன் கூட்டல் அது. 4-ஐத் தொட்டால் வெளுப்பு தொடங்கும் என்றும் 8-ஐத் தாண்டினால் பவளங்கள் பரவலாகச் சாகக்கூடும் என்றும் கொள்வார்கள். 2016-இல் மன்னார் வளைகுடாவில் பெரிய வெளுப்பு நடந்தது. படத்தில் ஒரு புள்ளி 5 கிலோமீட்டர் அகலம் என்பதை மறக்க வேண்டாம். தீவை ஒட்டிய முழங்கால் ஆழ நீர் அந்தப் புள்ளி காட்டுவதைவிடச் சூடாக இருக்கும்.

நிலம், கட்டடம், பண்ணை: அனுமதியைச் சரிபார்ப்பது

அதிகம் கேட்கப்படுவதும், தவறான தகவல் அதிகம் சுற்றுவதும் இதில்தான். கரையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கட்டலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். 50, 200, 500 எல்லாமே ஏதோ ஓரிடத்தில் சரிதான். அதனால் எண்ணிலிருந்து தொடங்காமல் நிலத்திலிருந்து தொடங்குங்கள்.

1. தமிழக அரசின் பட்டா, சிட்டா, புலப்பட இணையச் சேவையில் அந்த நிலத்தின் புல எண்ணையும் உட்பிரிவையும் எடுங்கள். வருவாய்க் கிராமத்தின் பெயர் ஊர் வழங்கும் பெயராக இருக்காது. பழைய பத்திரத்தில் உள்ள பெயரைப் பாருங்கள்.

2. கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தைத் தேடுங்கள். சென்னையில் உள்ள தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையத்தின் தளத்திலும், மாநிலச் சுற்றுச்சூழல் துறைத் தளத்திலும் மாவட்ட வாரியாக இருக்கும். மாவட்ட வரைபடத்தின் அளவு 1:25,000. அதில் உங்கள் மனை ஒரு புள்ளிகூட வராது. புல எண் தெரியும் கிராம அளவு வரைபடத்தை (ஏறத்தாழ 1:4,000) கேட்டு வாங்குங்கள்.

3. வரைபடத்தின் மூலையில் உள்ள தலைப்புக் கட்டத்தைப் படியுங்கள். 2011 கடலோர மண்டல அறிவிக்கையின் கீழ் வரைந்ததா, 2019 அறிவிக்கையின் கீழ் வரைந்ததா? வரைவா, ஒப்புதல் பெற்றதா? 2019 அறிவிக்கையின்படி, திருத்திய வரைபடம் ஒப்புதல் பெறும்வரை பழைய வரைபடமும் 2011 விதிகளும்தான் செல்லும். வரைவைக் காட்டி மனை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

4. உயர் ஓதக்கோடு (ஓதம் ஏறும் மேல் எல்லை) எது என்று பாருங்கள். தூரத்தை அதிலிருந்துதான் அளக்க வேண்டும். இன்று தண்ணீர் நிற்கும் இடத்திலிருந்து அளப்பது தவறு. கூகுள் வரைபடத்தில் நீலம் முடியும் இடத்திலிருந்து அளவுகோலை இழுப்பது பரவலான பிழை.

5. மண்டல எண்ணைக் குறியுங்கள். அலையாத்திக் காடு, பவளம், கடற்புல், மணற்குன்று, ஆமை முட்டையிடும் கரை ஆகியவை ஒன்று-ஏ. அங்கே பொதுவாக எதுவும் கட்ட முடியாது. கிராமப்புறக் கரை மூன்றாம் மண்டலம். 2011 விதியில் அங்கே 200 மீட்டர் வரை கட்டத் தடை. 2019 விதியில் 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் உள்ள ஊர் என்றால் 50 மீட்டர், அதற்குக் குறைவென்றால் 200 மீட்டர். அலையாத்திக் காடு 1,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளி உண்டு. காரங்காடு போன்ற இடங்களில் இந்த விதி கைகொடுக்கும்.

இறால் பண்ணை என்றால் கூடுதலாக ஒரு படி உண்டு. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-இன்படி அந்தப் பண்ணைக்குப் பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்பது பதிவு ஆகாது.

பெரிய திட்டம் என்றால் பரிவேஷ் தளம். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் எல்லா அனுமதி விண்ணப்பங்களும் அதன் வழியாகத்தான் போகின்றன. மாநிலம், மாவட்டம், திட்ட வகை என்று வடிகட்டினால் விண்ணப்பப் படிவம், தாக்க மதிப்பீட்டு அறிக்கை, நிபுணர் குழுக் கூட்டக் குறிப்பு எல்லாம் கிடைக்கும். புதிய பரிவேஷில் வராவிட்டால் பழைய பரிவேஷுக்கான இணைப்பில் பாருங்கள். திட்டத்தின் பெயரில் ஊர் இல்லாமல் நிறுவனம் மட்டும் இருக்கும் வாய்ப்பு அதிகம், அதனால் நிறுவனப் பெயரிலும் தேடுங்கள்.

தாக்க மதிப்பீட்டு அறிக்கை 400 பக்கம் என்றால் மிரள வேண்டாம். மூன்று இடங்களை மட்டும் முதலில் திறங்கள். மாதிரி எடுத்த இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கூகுள் எர்த்தில் போட்டுப் பாருங்கள். கடல் மாதிரியின் புள்ளி நிலத்தில் விழுந்தால் அதுவே உங்கள் முதல் ஆட்சேபம். எந்த மாதங்களில் எடுத்தார்கள் என்று பாருங்கள். ஒரே பருவத்தில் எடுத்த கடல் தரவு வாடைக் காலத்தைச் சொல்லாது. உயிரினப் பட்டியலில் இங்கே வாழாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகமான ஒரு வாக்கியத்தை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள். வேறு மாநிலத் துறைமுக அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டியது அப்படித்தான் அகப்படும்.

2006-ஆம் ஆண்டுத் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், சுருக்க அறிக்கை தமிழிலும் இருக்க வேண்டும். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் இந்த அறிவிப்புகள் வரும். கூட்டத்துக்குப் போக முடியாதவர்கள் எழுத்தில் அனுப்பலாம். எழுதி அனுப்பியதற்கு ஒப்புகை வாங்குங்கள். பின்னால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத் தென்மண்டல அமர்வுக்குப் போக நேர்ந்தால் காகிதம்தான் பேசும். அங்கே அனுமதி ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள், இழப்பீடு கேட்பது அல்லாத மற்ற சூழல் வழக்குகளுக்கு 6 மாதம். இரண்டிலுமே தக்க காரணம் காட்டினால் தீர்ப்பாயம் மேலும் 60 நாள் வரை தாமதத்தைப் பொறுக்கலாம். அதற்கு மேல் கிடையாது.

கரை அரிப்பைப் படத்தில் பார்ப்பது

கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து கடிகாரச் சின்னத்தை அழுத்தினால் பழைய ஆண்டுப் படங்கள் வரும். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களைக் கோப்பர்நிக்கஸ் உலாவியில் இலவசமாகப் பார்க்கலாம். 10 மீட்டர் துல்லியம், ஏறத்தாழ 5 நாளுக்கு ஒரு படம். இஸ்ரோவின் புவன் தளமும் உண்டு.

ஒப்பிடும்போது ஒரே மாதத்துப் படங்களையே எடுங்கள். பருவத்துக்குப் பருவம் மணல் போவதும் திரும்புவதும் இந்தக் கரையின் இயல்பு. மே மாதப் படத்தையும் டிசம்பர் படத்தையும் பக்கத்தில் வைத்தால் இல்லாத அரிப்பு தெரியும். இரண்டு படங்களிலும் மாறாத ஒரு பொருளை, கோயில் கோபுரமோ தேவாலயமோ பாலத்தூணோ, முதலில் ஒப்பிடுங்கள். அதுவே 8 மீட்டர் நகர்ந்திருந்தால் படம் நகர்ந்திருக்கிறது, கரை நகரவில்லை. 10 மீட்டர் துல்லியப் படத்தில் 5 மீட்டர் அரிப்பை நிறுவ முடியாது. அந்த அளவுக்கு, கரையில் நிலையான ஒரு கல்லிலிருந்து மாதம் ஒருமுறை நாடா பிடிப்பதே மேல்.

உயிரினங்கள்: பெயரும் பதிவும்

மீனின் ஊர்ப்பெயரை ஃபிஷ்பேஸ் தளத்தில் 'வழக்குப் பெயர்' என்ற பெட்டியில் ஆங்கில எழுத்தில் தட்டினால் அறிவியல் பெயருக்குப் போகலாம். காரல், நகரை, விளமீன் ஆகியவற்றுக்குப் பல இனங்கள் வரும். ஒரே பெயரில் ஒரு குடும்பமே அடங்கும். பாசிக்கு ஆல்கேபேஸ் தளம். கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்கள் சொல்லும் மரிக்கொழுந்து ஜெலிடியெல்லா, கட்டக்கோரை சர்காசம், பக்கோடாப் பாசி டர்பினேரியா, கஞ்சிப்பாசி கிராசிலேரியா. இந்தப் பெயர் கையில் வந்த பிறகு ஆய்வுகள் தானாகத் திறக்கும்.

பார்த்த உயிரினத்தைப் பதிவு செய்ய ஐநேச்சுரலிஸ்ட் தளம். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அளவுக்கு நாணயமோ அடிக்கோலோ வைத்து ஒன்று என மூன்று படம் எடுங்கள். எடுக்கும்போது உயிரைத் தண்ணீரிலிருந்து தூக்காதீர்கள். கடல் அட்டை, கடல் குதிரை போன்றவற்றின் இடத்தைப் பதிவில் 'மங்கலாக்கு' என்று தேர்ந்தெடுங்கள். துல்லியமான இடத்தைப் போட்டால் கடத்துகிறவனுக்கு நீங்களே வழிகாட்டியது ஆகும். கடல் அட்டையும் கடல் குதிரையும் பவளமும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. காய்ந்ததைக் கையில் வைத்திருப்பதும் குற்றம். தேசியப் பூங்காத் தீவுகளில் அனுமதி இல்லாமல் கால் வைப்பதும் அப்படியே. பதிவுக்காக என்று சொன்னாலும் செல்லாது.

பறவைகளைப் பதிவு செய்ய ஈபேர்ட் தளம். தனுஷ்கோடியில் 2025-இல் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் நான்கும் ராம்சர் ஈரநிலங்கள், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்றவை. பார்த்த எல்லாப் பறவையையும் எழுதினால்தான் 'முழுப் பட்டியல்' என்று குறிக்க வேண்டும். அழகானவற்றை மட்டும் போட்டுவிட்டு முழுமை என்று குறித்தால் காகமும் மைனாவும் அந்த ஊரில் இல்லை என்று கணக்கு சொல்லும்.

ஆவுளியா (கடல்பசு), ஓங்கில் (டால்பின்), ஆமை கரை ஒதுங்கினால் முதலில் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். உயிரோடு இருந்தால் ஈரத்துணி போடலாம், மூச்சுத்துளையை மூடக்கூடாது, வாலைப் பிடித்து இழுக்கக்கூடாது. பாலூட்டிகளின் பதிவுக்கு இந்தியக் கடல்பாலூட்டி ஆய்வு வலையமைப்பின் தளம் உண்டு. தேதி, இடம், முழு நீளப் படம், தலைப் படம் அனுப்பலாம்.

வீட்டுக் கணக்கு

இங்கே குடிநீர்தான் முதல் தலைவலி. இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்பு (டிடிஎஸ்) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம். கையடக்க அளவி மின்கடத்து திறனைத்தான் அளக்கிறது. மைக்ரோசீமென்ஸ் என்று காட்டினால் 0.65-ஆல் பெருக்குங்கள். அது உப்பை மட்டும் சொல்லும். கிருமி, நைட்ரேட், புளோரைடு எதையும் சொல்லாது. 'டிடிஎஸ் குறைவு, அதனால் நல்ல தண்ணீர்' என்ற விளம்பரத்தை நம்பாமல், ஜல் ஜீவன் திட்டத் தளத்தில் உள்ள ஆய்வகப் பட்டியலைப் பார்த்து மாதிரி கொடுங்கள்.

மழைநீர் சேகரிப்புக் காணொளிகள் ஆயிரம் உண்டு. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 50 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர், ஐந்தில் ஒரு பங்கு இழப்பு என்றால் 32,000 லிட்டர். அது வடகிழக்குப் பருவத்தில் சில நாட்களில் கொட்டித் தீரும் என்பதுதான் சிக்கல். 2,000 லிட்டர் தொட்டியை 50 மில்லிமீட்டர் மழை ஒரே நாளில் நிரப்பிவிடும். காணொளிகளில் தவறாகப் போவது முதல் மழையைக் கழிக்கும் குழாய். கடற்காற்று கூரையில் உப்பைப் படிய வைக்கும், பறவை எச்சமும் சேரும். முதல் 1 மில்லிமீட்டரையாவது வெளியேற்ற வேண்டும் என்றால் 50 லிட்டர். காணொளியில் காட்டும் ஒரு மீட்டர் நீளமுள்ள நாலு அங்குலக் குழாயில் 8 லிட்டர்தான் பிடிக்கும். குழாய்க்குப் பதில் 50 லிட்டர் டிரம் வையுங்கள், அடியில் சொட்டுக் குழாய் விட்டு அடுத்த மழைக்குள் காலியாகும்படி செய்யுங்கள்.

கூரைச் சூரிய மின்சாரத்துக்குப் பிரதமர் சூர்ய கர் தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தமாக 78,000 ரூபாய் மானியம். கடலோரம் என்பதால் விலைப்புள்ளியில் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: பலகைக்கு ஐஇசி 61701 உப்பு மூடுபனிச் சான்று, தாங்கிக்குச் சூடான துத்தநாகப் பூச்சும் துருப்பிடிக்காத எஃகு மறையாணிகளும். வெறும் வர்ணம் அடித்த இரும்புத் தாங்கி உப்புக் காற்றில் நிற்காது.

நெகிழிக்கு மாற்றுப் பொருள் தேடுகிறவர்கள் 'மீண்டும் மஞ்சப்பை' தளத்தில் உற்பத்தியாளர் பட்டியலைப் பார்க்கலாம். ஓலைக்கொட்டானுக்கு இணையம் தேவையில்லை, பனை இருக்கும் ஊரிலேயே கேட்டால் போதும்.

இரண்டு தளம் இரண்டு விதமாகச் சொன்னால்

கப்பாபைகஸ் பாசி வளர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மீன்வளத் துறைப் பக்கங்களில் அது பெண்களுக்கு வருமானம், மூங்கில் மிதவையில் 45 நாளில் அறுவடை. ஆய்விதழ்களில் அதே பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்ததாக 2008-இலிருந்து கட்டுரைகள். இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்டாதீர்கள். எங்கே வளர்க்கலாம் என்பதுதான் இரண்டையும் இணைக்கும் கேள்வி, அதற்கு அரசாணை இருக்கிறது: 2005-இல் தமிழக அரசு பாக் விரிகுடாப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் வளர்க்கலாம் என்றது. ஆக, உங்களிடம் மிதவை போடச் சொல்லும் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது மிதவையின் இடம். எந்தச் சர்ச்சையிலும் இதே வரிசையில் போங்கள்: யார் அளந்தார், எந்த ஆண்டு, எந்த இடம், யார் செலவில்.

இணையத்தில் இல்லவே இல்லை என்றால்

பாதிக் கேள்விகளுக்கு விடை கோப்பில்தான் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மத்திய அலுவலகங்களுக்கும் தமிழக அலுவலகங்களுக்கும் தனித்தனி இணைய வாசல்கள் உண்டு, கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்டால் 'காரணம் கூறத் தேவையில்லை' என்று பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தப் புல எண்ணுக்கு வழங்கிய கடலோர மண்டல அனுமதி ஆணையின் நகல், ஆய்வு செய்த நாள், ஆய்வறிக்கையின் நகல். ஒரு மனுவில் ஓர் ஊர், ஒரு பொருள் போதும். பத்தைக் கலந்தால் பத்து அலுவலகங்களுக்கும் மாற்றி மாற்றி அனுப்புவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அவருடைய முடிவும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கும் போகலாம். மனுவைப் போட்ட அன்றே பதிவு எண்ணைப் படம் எடுத்து வையுங்கள், அது இல்லாமல் இணையத்தில் மேல்முறையீட்டுப் பக்கம் திறக்காது.